பெயிண்ட் அடித்தவர் வந்து போனார்

அன்புள்ள மகளுக்கு உன் அம்மா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் நினைப்பு.

முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படிக்க உனக்குத் தெம்பு வேண்டும். உன் அண்ணனின் மூத்தவன் கப்பல் இன்ஜின் பரீட்சையில் பாஸாகிவிட்டான். எத்தனாவது தடவை என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், உங்க வீட்டுப் பையன் எழுதினானா என்று நான் கேட்டேன், பேச்சு அதோடு நின்றது. உன் தங்கை மகன் வக்கீலாகி முதல் கேஸை ஜெயித்துவிட்டான், இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு கோழிக்காக அடித்துக்கொண்ட வழக்கு, கோழி நம் கட்சிக்காரருக்குத்தான் என்று தீர்ப்பு. சின்னப் பேத்தி தடை தாண்டி ஓடுவதில் முதலாவதாக வந்து கோப்பை வாங்கி வந்தாள், தண்ணீர் ஊற்றினால் ஒழுகுகிறது, உன் அண்ணி அதில் பேனா போட்டு வைத்திருக்கிறாள். எல்லோருக்கும் மேலே நம் பெரிய பேத்தி. பல் டாக்டராகி, கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் சொந்தமாக அறை எடுத்து வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டாள். முதல் ஆளாக என் வாயைத்தான் திறக்கச் சொன்னாள். கீழ்வரிசை முழுக்கப் புதுப்பல் கட்டிவிட்டிருக்கிறாள், இப்போது நான் எதையும் கடிப்பேன், யாரையும் கடிப்பேன். பார்க்கிறவர்கள் எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு யார் மூளை என்று கேட்கிறார்கள், எல்லாம் உன் மூளைதான் என்று சொல்லிவிடுகிறேன், உன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், திருப்பிக்கொள்ளட்டும்.

இந்தத் தாள்களின் மறுபக்கத்தில் என்னமோ டைப் அடித்திருக்கிறதே என்று நீ பார்த்திருப்பாய். இப்போதே திருப்பாதே, முன்பக்கம் முடிந்த பிறகு திருப்பு. நல்ல வழவழப்பான தாள், ஒரு பக்கம் சும்மா கிடந்தது, வீணாக்குவானேன் என்று எழுதுகிறேன். இந்தத் தாள் எப்படி வந்தது என்பதுதான் சேதி.

போன வாரம் மத்தியானம் நம் வாசலில் ஒரு நீளமான கார் வந்து நின்றது. தெருவில் காயப்போட்ட துணியை எடுக்கிற சாக்கில் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வெளியே வந்துவிட்டது. இறங்கினவர் உன் பழைய புருஷன். பின்னாலேயே ஒரு குமாஸ்தா, கையில் ஃபைல். நீ வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் அவர்தான் இப்போது டைரக்டராம், வாசல்படியிலேயே அதைச் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார். உடம்பு பெருத்துப் போயிருக்கிறார். தலைமுடி மட்டும் கன்னங்கரேல் என்று ஒரு நரையில்லாமல் பளபளக்கிறது, அந்தக் காலத்தில் பலகைக்கு அடித்தார், இப்போது தலைக்கு அடிக்கிறார், பெயிண்ட் பழக்கம் அவரை விடவில்லை. முன்னறையில் கால் ஆடுகிற நாற்காலி ஒன்று இருக்கிறதே, அதில் போய் உட்கார்ந்தார். அது ஆடும் என்று நான் சொல்லவில்லை.

அத்தை, நல்லா இருக்கீங்களா, என்னை ஞாபகம் இருக்கா என்று தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்திக் கேட்டார். வயதானால் காது போய்விடும், ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு மூளையும் சேர்ந்து போய்விடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். உங்களை மறக்கிற அளவுக்கு எனக்கு இன்னும் நல்ல காலம் வரலை மாப்பிள்ளை என்றேன். சிரித்தார். அவருக்கு எதைச் சொன்னாலும் பாராட்டாகத்தான் காதில் விழும், அப்படி ஒரு பிறவி. பல் டாக்டர் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள், டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யார் இது, அண்ணன் பொண்ணா, இவ்வளவு வளர்ந்துட்டாளா என்றார். வளராம இருக்க நாங்க என்ன பெயிண்டா அடிச்சு வச்சிருக்கோம் மாமா என்று அவர் தலைமுடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதற்கும் சிரித்தார்.

வந்த விஷயம் இதுதான். நிலையத்துக்குப் புதுக்கட்டடம் கட்டியிருக்கிறார்கள், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. திறப்புவிழாவுக்கு வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள், அவர்கள் கையில்தான் அடுத்த பண உதவி இருக்கிறது. அவர்கள் கேட்ட முதல் கேள்வி, அந்த அம்மா வருவார்களா என்பது. அந்த அம்மா என்றால் நீ. உனக்கு அவர்கள் எழுதியதற்கெல்லாம் நீ பதிலே போடவில்லையாம். அவங்க எங்க பேச்சை மதிக்கலைன்னாலும் நீங்க சொன்னா கேப்பாங்க அத்தை என்றார். அவங்களாம், கேட்டாயா. இந்த வீட்டிலேயே என் முன்னாலேயே உன்னை ஏய் என்று கூப்பிட்ட வாய்தான் அது. வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். ஒண்ணும் செய்ய வேணாம், ரெண்டு வார்த்தை பேசணும்னுகூட இல்ல, மேடையில வந்து நின்னா போதும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிற்பதற்கு உன்னைவிடப் பழகினவள் யார். அந்த நிலையத்துக்குள் முதல் பொம்பளையாக நீ நுழைந்தபோது உனக்கு ஒரு நாற்காலி கொடுக்க ஆளில்லை. வராந்தா ஜன்னல் கட்டையில் கண்ணாடித் தட்டை வைத்து நின்றுகொண்டேதானே அத்தனை மரப்புழுவையும் பார்த்தாய். இப்போதாவது நாற்காலி உண்டா என்று கேட்டேன். முதல் வரிசையிலயே போட்டுருவோம் அத்தை என்று பெரிய மனசு பண்ணினார்.

பிறகு ஃபைலிலிருந்து தன் பேச்சை எடுத்து வாசித்துக் காட்டினார், எங்களைக் கேட்கவில்லை, அவராகவே வாசித்தார். அதில் ஒரு இடம் வந்தது, அதை மட்டும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார், இந்தப் பலகைகளுக்குப் பூச்சுப் பூச வேண்டும் என்று எனக்கு அன்றைக்கே தோன்றிய தொலைநோக்குத்தான் இந்த நிலையத்தின் அஸ்திவாரம் என்று. நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். பேத்தி குனிந்து, என்ன பாட்டி, என்ன தொலைநோக்கு என்று கேட்டாள். அவர் எதிரிலேயே அவளுக்குச் சொன்னேன். நீ அனுபவித்தது உனக்குத் தெரியாததா, ஆனாலும் அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். நான் எதை விட்டேன், எதைச் சொன்னேன் என்று உனக்கும் தெரிய வேண்டும்.

உன் அத்தை மரம் தின்னும் புழுவைப் பார்த்தவள் என்று ஆரம்பித்தேன். கடலில் கிடக்கிற மரத்துக்குள் குண்டூசி நுனி அளவு ஓட்டை போட்டு நுழையும், உள்ளேயே தின்று விரல் தடிமனுக்கு வளரும், வெளியே பார்த்தால் படகு புதிதாகவே இருக்கும், மிதித்தால் கால் உள்ளே போகும். எத்தனையோ பேர் நடுக்கடலில் அப்படிப் போயிருக்கிறார்கள். எந்த மாதம், எந்த ஆழத்தில், எந்த மரத்தில் அது நுழைகிறது என்று பார்க்க உன் அத்தை படகுத்துறைத் தூண்களில் வரிசையாகப் பலகைகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். ஆராய்ச்சிப் படகில் பொம்பளையை ஏற்ற மாட்டார்கள், அதனால் துறையின் இரும்பு ஏணியில் இறங்கி இறங்கி ஒவ்வொரு பலகையாகத் தூக்கிப் பார்ப்பாள். புழுக்காரி என்று பெயர் வைத்தார்கள். துறையில் பொம்பளைக்கு ஒதுங்க இடம் கிடையாது, ஆண்கள் சுவரோரம் நின்றுவிடுவார்கள், இவள் விடிந்து போனால் வீடு திரும்பும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். இவர் அதே நிலையத்தில் பெரிய வேலையில் இருந்தார், இவர் அறையை ஒட்டியே கழிப்பறை இருந்தது, சாவி இவர் சட்டைப்பையில் இருந்தது, கட்டின மனைவிக்கு அதைக் கொடுத்தால் ஆபீசில் தப்பாக நினைப்பார்கள் என்றார். இதைச் சொல்லும்போது குமாஸ்தா ஃபைலை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். மாப்பிள்ளையோ, அதெல்லாம் அந்தக் காலம் அத்தை என்றார்.

அந்த இடத்தில் நான் நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவர்தான் விடவில்லை. ஃபைலிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். நான் உனக்கு எழுதுகிற மாதிரி ஒரு கடிதம், அவரே தயார் செய்து டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். நீங்க சிரமப்பட வேணாம், கீழ கையெழுத்து மட்டும் போட்டா போதும் என்று பேனாவையும் நீட்டினார். பேத்தியை வாசிக்கச் சொன்னேன். பாசமிகு புதல்வியே என்று தொடங்குகிறது, நான் எந்தக் காலத்தில் உன்னைப் புதல்வியே என்று கூப்பிட்டேன். நடுவில், தள்ளாத வயதில் இருக்கும் இந்தத் தாயின் கடைசி ஆசை உன் முகத்தை ஒருமுறை பார்ப்பதே என்று போட்டிருக்கிறது. என்னைக் கேட்காமலேயே எனக்குக் கடைசி வந்துவிட்டது பார். இப்போதுதான் கீழ்வரிசைப் பல் கட்டியிருக்கிறேன், மேல்வரிசைக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறாள், எனக்குக் கடைசி ஆசையாம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், உன்னிடம் மறைப்பானேன். அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது, அப்படியிருந்தும் உன் முகம் என்ற இடத்தில் என் கை பேனாவை வாங்கிவிட்டது. போக வர டிக்கெட்டும் அவர்களே தருகிறார்கள், நம் வீட்டில் வந்து தங்கலாம். நீ அவரை விட்டுவிட்டு வெளிநாடு போனபோது எனக்கு முழங்கால் வலி கிடையாது, வாசலில் நின்று கார் திரும்பும் வரை பார்த்தேன். இப்போது உனக்கு நரைத்திருக்குமா, என் மாதிரி முன்பக்கம் நரைத்திருக்குமா, உன் அப்பா மாதிரி காதோரம் நரைத்திருக்குமா, எனக்குத் தெரியாது. பெற்றவளுக்கு அது தெரியாமல் இருப்பது ஒரு மாதிரிதான் இருக்கிறது. பேனா மூடியைத் திறந்துவிட்டேன். பேத்தி மேலே வாசித்தாள், பழசையெல்லாம் மறந்து வா மகளே என்று அடுத்த வரி. மூடியைத் திரும்பப் போட்டேன். எந்தப் பழசை மாப்பிள்ளை என்று கேட்டேன். அவர் தன் கால்விரலைப் பார்த்தார். நீங்க மறந்துட்டீங்க போல, நான் ஞாபகப்படுத்தறேன் என்று மீதியையும் சொன்னேன்.

உன் வயிற்றில் இருந்தது தங்காமல் போய் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். புழுவோட பழகினவ வயித்துல புள்ள எப்படித் தங்கும் என்று இவரைப் பெற்ற மகராசி வராந்தாவில் நின்று நர்ஸுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். இவர் உள்ளே வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். உடம்பு எப்படி இருக்கு என்று கேட்பார் என நான் ஸ்டூலைத் தள்ளிப்போட்டேன், உட்காரவில்லை. துறை அலமாரிச் சாவி எங்க வச்சிருக்க, பெரிய அதிகாரி பார்வையிட வர்றார் என்று கேட்டார். நீ தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாய். இவர் போய் என்ன செய்தார் தெரியுமா என்று பேத்தியைக் கேட்டேன். அதிகாரி கண்ணுக்குத் துறை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று தூணுக்கெல்லாம் வெள்ளையும் கறுப்பும் பட்டை அடிக்கச் சொன்னார், கூடவே அலமாரியைத் திறந்து கொக்கிகளை எடுத்துத் தண்ணீரில் கிடந்த பலகைகளையும் ஏற்றி அதே பெயிண்டை அடித்துத் திரும்பத் தொங்கவிடச் சொன்னார், பாசியும் அழுக்குமாக அசிங்கமாக இருந்ததாம். அழுக்கா அது, அதுதானே அத்தனை வருஷத்து ஆராய்ச்சி. உலகத்தில் எந்த முட்டாளாவது சாம்பாருக்குள் சுண்ணாம்பு அடிப்பானா, இவர் அடித்தார். அதிகாரி காரை விட்டு இறங்கவே இல்லை, கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நீ எழுந்து நடமாடத் தொடங்கியதும் முதலில் துறைக்குத்தான் போனாய். தள்ளுவண்டியில் பலகைகளைப் போட்டுக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாய், உன் வீட்டுக்குப் போகவில்லை. பின்முற்றத்தில் உட்கார்ந்து நீயும் நானும் காய் நறுக்கும் கத்தியால் சுரண்டினோம், பெயிண்ட் வந்தால் மரமும் சேர்ந்து வந்தது. பிள்ளை போனதற்கு அழாதவள் அன்றைக்கு அழுதாய், எதற்கு அழுகிறாய் என்று நான் கேட்கவில்லை, இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தெரியும். பிறகு நீயே எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, அடிச்சது அடிச்சாச்சு, இதையும்தான் தின்னுதா பார்ப்போமே என்று சொல்லி அந்தப் பெயிண்ட் அடித்த பலகைகளையே திரும்பக் கொண்டுபோய்த் தொங்கவிட்டாய். கயிறு உரசிப் பெயிண்ட் பெயர்ந்த இடமாகப் பார்த்துப் புழு நுழைகிறது, பூச்சு எங்கே விடுகிறதோ அங்கேதான் படகு போகிறது என்று நீ கண்டுபிடித்தாய், இன்றைக்கு உலகம் முழுக்கப் படகுக்காரர்கள் அதை வைத்துத்தான் பூச்சு அடிக்கிறார்கள். நீ கண்டுபிடித்ததை அச்சில் போட்டபோது இவர் பெயர் முதலில் வந்தது, புருஷன் பேர் முன்னாடி இருக்கறதுதான் மரியாதை என்றார். அந்த மரியாதைக்காரர்தான் இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறார், தொலைநோக்கு அதுதான் கண்ணு என்று பேத்தியிடம் சொல்லி முடித்தேன்.

அவர் நாற்காலி டக் டக் என்று ஆடியது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, அத்தை, அப்ப எனக்கும் மேலதிகாரிங்க நெருக்கடி இருந்துச்சு என்றார். உனக்குக் கேட்கிறதா, அவருக்கு நெருக்கடியாம். பேத்தி ரொம்ப அமைதியாக, மாமா, பேசும்போது உங்க கடவாய்ப்பல்லு தெரியுது, வெளியில நல்லாத்தான் இருக்கு, உள்ள முழுக்கப் போயிருச்சு, ஒருநாள் வாங்க, பிடுங்கி விடறேன் என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் புதுப்பல் கழன்றுவிடும் போல இருந்தது. குமாஸ்தாவும் ஃபைலுக்குப் பின்னால் குலுங்கினான்.

அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை, பாரேன். கடைசியாகக் கண்ணாடிச் சுவரில் மாட்ட உன் படம் ஒன்று வேண்டும் என்றார். நிலையத்தில் இருப்பது ஒரே ஒரு படமாம், காட்டினார். எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள், இவர் நடுவில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார், இவர் தோளுக்குப் பின்னால் உன் ஒரு காதும் கொஞ்சம் தலைமுடியும் தெரிகிறது. அந்தக் காதைக் கழுவித் துடைத்து வளர்த்தவள் நான், அதனால் எனக்கு அடையாளம் தெரிந்தது, ஊருக்கு எப்படித் தெரியும். அம்பு போட்டுக் காட்டப்போகிறார்களாம். உங்ககிட்ட நல்ல படம் இருந்தா கொடுங்க அத்தை என்றார். என்னிடம் இருப்பதெல்லாம் நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது எடுத்தவை, அதிலும் ஒன்றைக்கூட அந்தக் கையில் கொடுக்க மனசு வரவில்லை. படமும் வேணாம், நீங்க அடிச்ச கடிதாசியும் வேணாம், நானே என் கையால எழுதறேன் மாப்பிள்ளை, தாளை மட்டும் வச்சுட்டுப் போங்க என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. காரியம் ஆச்சு என்று நினைத்துக்கொண்டார். பேச்சு, கடிதம், விழா அழைப்பு எல்லாத் தாளையும் வைத்து, உன் முகவரி எழுதித் தபால்தலையும் ஒட்டின உறையையும் மேலே வைத்துவிட்டுப் போனார். எழுந்தபோது நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்ட கடிதம்தான் இது. அவர் தாளிலேயே, அவர் தபால்தலையிலேயே வருகிறது.

இப்போது நீ திருப்பிப் படிக்கலாம். அவர் எழுதியது ஒரு பக்கம், நான் எழுதியது ஒரு பக்கம், இரண்டும் உன் கையில் இருக்கிறது. போவதும் போகாததும் உன் இஷ்டம், நீ படித்தவள். என்னைக் கேட்டால், அந்த மேடையில் வந்து நிற்பதற்காக நீ ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. நீ போய் நின்றால் அவர் சொல்கிற தொலைநோக்குக்கு நீ தலையாட்டின மாதிரி ஆகிவிடும், அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாவி கொடுத்தாயே, அதையே இரண்டாம் முறை கொடுத்த மாதிரி ஆகிவிடும். என்னைப் பார்க்க ஆசையாக இருந்தால் உன் காசில் டிக்கெட் எடுத்து, உனக்குத் தோதான மாதத்தில், இந்த வீட்டு வாசலுக்கு வா. ஆடாத நாற்காலியாகப் பார்த்துப் போட்டு வைக்கிறேன். நான் எங்கும் போய்விட மாட்டேன், எனக்கு மேல்வரிசைப் பல் பாக்கி இருக்கிறது. அம்மா சாகக் கிடக்கிறாள் என்று யார் எழுதினாலும் நம்பாதே, அப்படி ஒன்று நடந்தால் நானே எழுதுகிறேன்.

ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கிறாயா. சிறுநீரகக் கல்லுக்காக ஆஸ்பத்திரியில் இருந்ததை ஒரு வரியில் எழுதி அடுத்த வரியில் பனி பெய்வதைப் பற்றி எழுதிவிட்டாய், எனக்குத் தெரியாதா அந்தக் கல் எந்தத் துறையில் விளைந்தது என்று. இப்போதுதான் நீயே தலைமை, உன் அறைக்குள்ளேயே எல்லா வசதியும் இருக்கிறது என்று உன் அண்ணனிடம் சொன்னாயாம், பழைய பழக்கத்தில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. மேஜைமேல் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொள், காலியாவதற்குள் குடித்து முடி. உனக்குக் கீழே வேலை பார்க்கிற பெண்பிள்ளைகளுக்கும் நாற்காலி இருக்கிறதா என்று ஒரு தடவை சுற்றிப் பார். நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும், உன் கை தொட்ட மரமெல்லாம் தண்ணீரில் நிலைத்து நிற்க வேண்டும், உன் பெயருக்கு முன்னால் எவன் பெயரும் வராமல் இருக்க வேண்டும், இது பெற்றவள் வாயாரச் சொல்வது.

இன்னும் ஒரே ஒரு விஷயம். எனக்கு உன் புதுப் படம் ஒன்று வேண்டும். இன்றைய தேதிக்கு நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே, நரையை மறைக்காமல், கையில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு, நீ மட்டும் நிற்கிற படமாக எடுத்துத் தபாலில் அனுப்பு. முன்னறையில் அந்த ஆடுகிற நாற்காலிக்கு நேர் எதிரில் மாட்டுவதற்கு ஆணி அடித்துவிட்டேன். அடுத்த முறை மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தால் முழு முகத்தையும் பார்க்க வேண்டும். எனக்கும் பார்க்க வேண்டும், முன்பக்கமா காதோரமா என்று.

இப்படிக்கு,
டைப் அடித்த பக்கத்தில் போடாத கையெழுத்தை இந்தப் பக்கத்தில் போடுகிற
உன் அம்மா